வல்லரசின் காவலும் சிறுதீவின் கதியும்

ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கும் நம்பிக்கை ஒன்று உண்டு. நம்மாற் தீர்க்க முடியாத பிரச்சினையைக் கடலுக்கப்பால் உள்ள பெருநாடு என்றோ ஒருநாள் வந்து தீர்த்துவைக்கும் என்பதே அது. தேர்தல் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் இந்நம்பிக்கை வெவ்வேறு சொற்களில் ஒலிக்கின்றது. தென்னிலங்கையில் இதே நம்பிக்கை அச்சமாக உருமாறி நிலவுகின்றது. வடக்கே உள்ள பெருநாடு ஒருநாள் தீவினை விழுங்கிவிடும் என்று அங்கே சொல்லப்படுகின்றது. நம்புவோரும் அஞ்சுவோரும் ஓர் உண்மையை ஒருங்கே மறந்துவிடுகின்றனர். வல்லரசின் படை இத்தீவுக்கு வருவது இனிமேல் நிகழவேண்டிய ஒன்றன்று; அது வந்து, இருந்து, போயும்விட்டது. 1987 யூலை இறுதியிலிருந்து 1990 மார்ச் 24 வரை, இரண்டு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் அது இம்மண்ணில் நின்றது.

அக்காலத்தை நினைவுகூர்வோர் பலர். அதன் விளைவுகளை ஆராய்ந்தோர் சிலர். சிலருக்கு அது துரோகத்தின் கதை. வேறு சிலருக்கு நழுவவிட்ட வாய்ப்பின் கதை. இவ்விரு கதைகளும் விட்டுவிடும் ஒன்றையே இக்கட்டுரை வற்புறுத்த விழைகின்றது. வல்லரசொன்றின் படை அயலிலுள்ள சிறுதீவிற் கால்வைத்ததும் அத்தீவின் சொந்தப் பிரச்சினை பின்தள்ளப்படுகின்றது, படையே பிரச்சினையாகிவிடுகின்றது. படை திரும்பிச் சென்றபின் பழைய பிரச்சினை தீராமலே எஞ்சும். அதனைத் தீர்த்திருக்கக்கூடிய மனிதர் மட்டும் இடைக்காலத்தில் அழிந்திருப்பர். வந்த படையின் நோக்கம் நல்லதா தீயதா என்ற வாதம் இவ்விளைவை மாற்றுவதில்லை.

இந்தியப் படையின் வருகையைப் படையெடுப்பு எனல் தகுமா என்று வினவுவோர் உளர். ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அழைப்பின் பேரிலேயே அப்படை வந்தது என்பது சட்டம் தரும் விடை. ஆயின் அழைப்புக்கு முன் நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். 1987 மே 26இல் இலங்கைப் படை வடமராட்சியிற் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. யூன் 3இல் உதவிப் பொருள்களுடன் வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் காவலுடன் யாழ்ப்பாண வானிற் புகுந்து ஏறத்தாழ 25 தொன் பொருள்களைப் போட்டுச் சென்றன. அன்று விழுந்தவை உணவுப் பொதிகளே; எனினும் அவற்றின் பொருள் கொழும்புக்கு நன்கு விளங்கியது. எட்டு வாரங்கள் முடியுமுன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. போர்விமானம் தலைக்குமேற் பறந்து சென்றபின் விடுக்கப்படும் அழைப்பை முழு மனத்துடன் விடுத்த அழைப்பென எங்ஙனம் கொள்வது? கொழும்பு அச்சத்தால் அழைத்தது. யாழ்ப்பாணம் அன்பால் வரவேற்றது. வந்த படை யாது செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இரு சாராரிடமும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் அன்பு போலியன்று. யாழ்நகரிலிருந்து காங்கேசன்துறை செல்லும் வீதியில் உள்ள எமது மருதனார்மடத்தையே சான்றாகக் கொள்ளலாம். இங்கு 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். பின்னர் அவர் பெயரால் எழுந்த இசைக்கல்லூரிக்குத் தமிழகத்திலிருந்து மகாராஜபுரம் சந்தானம் வந்து அதிபராகப் பணியாற்றினார். அவ்விசைக்கல்லூரி பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. பண்ணிசையும் பரதமும், சஞ்சிகையும் திரைப்படமும் வந்த கடல்வழியை இவ்வூரார் அந்நிய வழியாக எண்ணியதில்லை. 1987இன் நடுப்பகுதியில் இந்திய வீரரை மாலையிட்டு வரவேற்றவர்கள் இம்மரபில் வந்தவர்களே. அவ்வாண்டு ஒக்டோபர் 10இல் போர் மூண்டபோது, இசை கற்க மாணவர் நடந்த அதே காங்கேசன்துறை வீதி, யாழ்நகரை நோக்கிப் படை நகர்ந்த வழிகளுள் ஒன்றாயிற்று.

மாலைக்கும் பீரங்கிக்கும் இடையே கழிந்த காலம் பத்து வாரங்களே. அதற்குள் நிகழ்ந்தவை நாம் அறிந்தவை. ஆயுதக் கையளிப்பு அரைகுறையாய் நின்றது. செப்டெம்பர் 15இல் நல்லூரில் உண்ணாவிரதம் தொடங்கிய திலீபன் 26இல் உயிர்நீத்தார். கடலிற் கைதாகிக் கொழும்புக்குக் கொண்டு செல்லப்படவிருந்த விடுதலைப் புலிகளுள் 12 பேர் ஒக்டோபர் 5இல் நஞ்சருந்தி மாண்டனர். அதனைத் தொடர்ந்து கிழக்கிற் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 12 அதிகாலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டர்களிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பதின்மருள் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். அயலிலுள்ள பிரம்படி ஒழுங்கையிற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 21, தீபாவளித் திருநாளன்று, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் படை புகுந்தது. மருத்துவர், தாதியர், நோயாளர் என அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பாதுகாக்க வந்த படைக்கும் பாதுகாப்பு நாடிய மக்களுக்கும் இடையே அதன்பின் எஞ்சியிருந்தது அச்சம் ஒன்றே.

இனி விளைவுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, வினா மாறியமை. 1987 யூலையில் இத்தீவின் முன் நின்ற வினா தெளிவானது: மொழி, காணி, பாதுகாப்பு, ஆட்சி ஆகியவற்றைத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது? சில மாதங்களில் அவ்வினா மறைந்து, படை எப்போது போகும் என்ற வினா வடக்கையும் தெற்கையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. ஒப்பந்தம் கைச்சாத்தான மறுநாள், மரியாதை அணிவகுப்பில் நின்ற கடற்படை வீரர் ஒருவர் பிரதமர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியாற் தாக்கினார். அச்செயல் தெற்கின் மனநிலைக்கு முன்னறிவிப்பாயிற்று. படையை வெளியேற்றுவதாக வாக்களித்த பிரேமதாச ஜனாதிபதியானார். 1989 யூலை 29க்குள் படை முற்றாக வெளியேற வேண்டுமெனக் கோரினார். அப்படையோடு பொருத விடுதலைப் புலிகளுக்கு அவரது அரசே ஆயுதம் வழங்கியது. தமிழீழம் கேட்டோரும் ஒற்றையாட்சி கேட்டோரும் ஒரு நோக்கில் இணைந்தனர் எனில், அவர்களுக்கிடையே இருந்த பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. 1990 மார்ச்சிற் படை கப்பலேறியது. யூனில் அவ்விரு சாராரும் மீண்டும் போரில் இறங்கினர். இடையில் நின்ற பெருந்தடை நீங்கியதும் பழைய வினா தன் பழைய இடத்தில் வந்து நின்றது.

இரண்டாவது விளைவு இதனினுங் கொடியது. அந்நியப் படை நிற்கும் நாட்டிற் சமரசம் பேசுபவன் அப்படையின் ஆளாகக் கணிக்கப்படுகின்றான். 1986இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ்ப் போராளிகளோடு நேரிற் பேசிய விஜய குமாரதுங்க ஒப்பந்தத்தை ஆதரித்தார். 1988 பெப்ரவரி 16இல் தம் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தாய்நாட்டைக் காப்பதாகக் கிளர்ந்தெழுந்த மக்கள் விடுதலை முன்னணியினர் ஒப்பந்தத்தை ஆதரித்த இடதுசாரிகளைத் தேடிக் கொன்றனர். அவர்களை அடக்க எழுந்த அரச வன்முறை சிங்கள இளைஞரைப் பல்லாயிரக் கணக்கிற் பலிகொண்டது. 1989 யூலை 13இல் அ. அமிர்தலிங்கமும் வெ. யோகேஸ்வரனும் கொழும்பில் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 21இல் எமது பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியற் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படையின் கொடுமைகளையும் இயக்கங்களின் கொடுமைகளையும் ஒரே நேர்மையுடன் பதிவுசெய்த 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் அவரும் ஒருவர். இவர்களைக் கொன்ற கைகள் வெவ்வேறானவை. கொன்றோரின் பொறுப்பை எவ்விதத்தும் குறைக்கலாகாது. எனினும் படையின் நிழல் விழுந்த நாட்டில் நடுநிலையாளன் நிற்க இடமின்றிப் போகின்றது என்பதையும் மறுத்தல் இயலாது.

மூன்றாவது விளைவு, படையோடு சேர்ந்தோரின் கதி. மருதனார்மடத்தில் ஆஞ்சநேயர் நெடிதுயர்ந்து நிற்கின்றார். எனவே இராமகாதையை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமே. கடல் கடந்து இலங்கைக்கு வந்த படை, போர் முடிந்தபின் வீடணனுக்கு முடிசூட்டிவிட்டுத் தனக்கென ஒரு பிடி மண்ணும் வேண்டாது திரும்பியது. காவியத்திற்கூட வீடணன்மேல் விழுந்த பழிச்சொல் இன்றளவும் நீங்கவில்லை. வரலாற்றில் நிகழ்வது அதனினும் துயரமானது. 1988 நவம்பரிற் படையின் காவலுடன் நடைபெற்ற தேர்தலின் வழியே வடக்கு-கிழக்கு மாகாண சபை அமைந்து, வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். மத்திய அரசு அச்சபைக்கு உரிய அதிகாரத்தையும் நிதியையும் வழங்கவில்லை. படை போகப்போவது உறுதியானதும் சபையைக் காக்கத் தமிழ்த் தேசிய இராணுவம் எனும் பெயரில் இளைஞர் வலிந்து சேர்க்கப்பட்டனர். பாடசாலைப் பையன்கள்கூட வீதியிற் பிடிபட்டனர். 'பிள்ளை பிடி' என்று எம்மவர் அன்று அதற்கு இட்ட பெயர் இன்னும் வழக்கொழியவில்லை. படை போனபோது தலைவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் இங்கேயே விடப்பட்டனர். அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர்.

நான்காவது விளைவு, கொண்டு சென்றது யார், பெற்றது யார் என்பதிற் தெரிகின்றது. ஒப்பந்தத்தோடு அதே நாளில் இரு நாட்டுத் தலைவர்களும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். திருகோணமலை முதலிய துறைமுகங்களை இந்திய நலனுக்கு ஊறுசெய்யும் வகையில் வேறெந்த நாட்டின் இராணுவத்துக்கும் வழங்குவதில்லை. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்து இயக்குவது. அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு நோக்குகளுக்குப் பயன்படாமற் பார்த்துக்கொள்வது என்பன அக்கடிதங்களில் இருந்தன. இவற்றுள் ஒன்றேனும் தமிழரின் உரிமை பற்றியதன்று. 2022 ஜனவரியில் அவ்வெண்ணெய்த் தாங்கிகள் பற்றிப் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அக்கோரிக்கை மறக்கப்படவில்லை. தமிழருக்கென எழுதப்பட்டவற்றின் கதியை இதனோடு ஒப்பிடுக. வடக்கு-கிழக்கு இணைப்பைச் செல்லாதென 2006 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டளவில் நின்றன. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இதனாற் புதுதில்லியை வைவதிற் பயனில்லை. எந்த அரசும் தன் நலனை முதலிற் பேணும். அது எமது நலனை முதலிற் பேணும் என எதிர்பார்த்ததே எம் பேதைமை.

ஐந்தாவது விளைவு ஆண்டுகளால் அளக்கமுடியாதது. முதலாம் இராஜராஜனின் படை 993 அளவில் இத்தீவிற் புகுந்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை அகற்றினான். இவ்வரலாறு நடந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன; எனினும் சிங்களத் தேசியவாதம் அதனை நேற்று நடந்ததுபோற் சொல்லி வருகின்றது. இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த தமிழனை வரப்போகும் படையின் முன்னோடியாகக் காட்டுவதற்கு இந்நினைவே கருவியாகின்றது. இந்தியப் படையின் வருகை அக்கருவியைப் புதிதாய்த் தீட்டிக் கொடுத்தது. நாம் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. வந்த படைக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. நமக்கு இதுவே நாடு. படை விட்டுச்செல்லும் பகையோடு வாழவேண்டியவர்கள் நாமே.

இவை ஈழத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்துக்களல்ல. 1974 யூலையிற் சைப்பிரஸ் தீவிற் கிரேக்க அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தபோது, சிறுபான்மையினரான துருக்கியரைக் காப்பதாகத் துருக்கிப் படை வந்திறங்கியது. அச்சிறுபான்மையினர் அதற்கு முன் உண்மையாகவே துன்புற்றிருந்தனர். ஆதலின் எம் நிலையோடு நெருங்கிய உவமை இதுவே. விளைவு யாது? தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் பிரிக்கப்பட்டது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர் வீடிழந்தனர். 1983இல் வடக்கே பிரகடனப்படுத்தப்பட்ட அரசைத் துருக்கியைத் தவிர எந்நாடும் ஏற்கவில்லை. காக்கப்பட்ட மக்கள் காத்தவரையே சகலத்துக்கும் நம்பியிருக்கலாயினர். 2011இல் அங்காராவின் சிக்கனக் கட்டளைகளை எதிர்த்து அவர்களே வீதியில் இறங்கினர். கியூபாவைப் பார்ப்போம். 1898இல் ஸ்பெயினிடமிருந்து விடுவிக்க வந்த அமெரிக்கா, தலையிடும் உரிமையை 1901இல் அத்தீவின் அரசியலமைப்பிலேயே எழுதச் செய்தது. அவ்வுரிமை 1934இல் நீங்கிற்று. குவாந்தனாமோ துறைத்தளம் நீங்கவில்லை. திருகோணமலை பற்றிப் பேசும்போது இதனை மனங்கொள்ளுதல் தகும்.

இவ்விடத்து எழக்கூடிய மறுப்புக்கள் மூன்று. முதலாவது, 1971இல் வங்காளதேசத்தை இந்தியப் படை விடுவித்ததே என்பது. உண்மை. ஆனால் அங்கே 1970 டிசம்பர்த் தேர்தலிற் பெரும்பான்மை பெற்ற தலைமையொன்று இருந்தது. பெரும்பான்மை மக்களின் நோக்கும் வந்த படையின் நோக்கும் அவ்வேளை ஒன்றாயிருந்தன. போர் இரு வாரங்களில் முடிந்தது. 1972 மார்ச்சுக்குள் படை திரும்பிவிட்டது. இங்கோ ஒப்பந்தத்திற் தமிழர் எவரும் ஒப்பமிடவில்லை. தனிநாடு எந்நாளும் புதுதில்லியின் நோக்காய் இருந்ததில்லை. உவமை பொருந்தாத இடத்தில் அதனையே நம்பியிருந்தோம்.

இரண்டாவது மறுப்பு, இந்தியா வந்திராவிட்டாற் பதின்மூன்றாம் திருத்தமும் மாகாண சபையும் இல்லை என்பது. இதில் உண்மை உண்டு, மறைத்தல் நேர்மையாகாது. ஆயின் அத்திருத்தத்தை ஈட்டித் தந்தது இராசதந்திர நெருக்குதல். அதனை நடைமுறைப்படுத்தச் செய்யும் வலிமை படைக்கு இருக்கவில்லை. 1987 நவம்பரிற் திருத்தம் நிறைவேறியபோது படை எம் ஒழுங்கைகளில் எம்மவரோடு போரிட்டுக்கொண்டிருந்தது. கொழும்பை நெருக்கவேண்டிய கை யாழ்ப்பாணத்திற் சிக்கியிருந்தது. 1983 யூலை வன்செயலின் பின் ஜி. பார்த்தசாரதி மேற்கொண்ட தூதும், 1985இற் திம்புவில் நடந்த பேச்சும் படையின்றி நிகழ்ந்தவை. திம்புவிற் தமிழர் தம் கோட்பாடுகளைத் தம் வாயாலே உரைத்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் கொழும்பில் அவர்களுக்காக வேறொருவர் கையொப்பமிட்டார். இவ்விரண்டு ஆண்டுகளில் நாம் இழந்தது நம் குரலை.

மூன்றாவது மறுப்பு, குற்றம் முழுவதும் விடுதலைப் புலிகளுடையது என்பது. அவர்தம் குற்றங்களை மேலே மறைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் ஏனைய இயக்கங்களுக்கும் 1983இன் பின் பயிற்சியும் ஆயுதமும் வழங்கியது எந்நாடு? தான் வளர்த்த கருவிகள் தன் சொற்படி நிற்கும் என எண்ணுவது வல்லரசுகள் எங்கும் இழைக்கும் தவறு. அதன் விலையை இந்தியாவும் கொடுத்தது. அதன் வீரர் ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மார்ச் 1990இற் திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்க முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பின் தமிழகத்தில் ஈழத்தமிழர்பால் இருந்த அநுதாபம் நெடுங்காலம் வற்றிக் கிடந்தது. படையெடுப்பு படையெடுத்தவரையும் பாதிக்கின்றது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமா?

கடந்தகாலத்தைப் பேசி ஆவதென்ன என்று மாணவர் சிலர் கேட்கலாம். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022 ஓகஸ்டிற் சீனக் கண்காணிப்புக் கப்பலொன்று அங்கு வந்தபோது புதுதில்லி கவலை தெரிவித்தது. அதே ஆண்டு பொருளாதாரம் வீழ்ந்தபோது இந்தியா பெருந்தொகைக் கடனுதவி செய்தது. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. பெருநாடுகள் இரண்டின் கவனம் இத்தீவின்மேல் முன்னெப்போதும் இல்லாத அளவு குவிந்துள்ளது. இவ்வேளையிற் தமிழருட் சிலர் ஒரு வல்லரசையும் சிங்களவருட் சிலர் மற்றதையும் தமக்குக் காவலெனக் கொள்வாராயின், 1987இன் தவறு இருமடங்காய் மீளும். தாய்வானைச் சூழ்ந்து நடக்கும் போர்ப்பயிற்சிகளைச் செய்தியாகப் படிக்கும் நாம், சிறுதீவில் வாழ்வோர் என்ற வகையில் அவற்றை வேறு கண்கொண்டு நோக்குதல் வேண்டும்.

இந்தியாவைப் பகைக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. பேச்சுவார்த்தையின் சாட்சியாகவும், கொடுத்த வாக்கை நினைவூட்டும் அயலவனாகவும் அது இருத்தல் நன்று. அதன் குரல் நமக்கு வேண்டும், அதன் படை வேண்டா. தமிழர் தம் பிரச்சினையைத் தம் வாயாலே, இத்தீவின் ஏனைய மக்களோடு நேருக்குநேர் பேசும் வலிமையை மீளப்பெறுதல் வேண்டும். கொழும்பும் ஒன்றை உணர்தல் வேண்டும்: தன் குடிகளுக்கு நீதி வழங்காத அரசே அயலவன் தலையிடுதற்கு வழி திறந்து வைக்கின்றது. பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வளாகத்தில் மாண்ட அந்நிய வீரர், வைத்தியசாலையில் மாண்ட எம்மவர், தென்னிலங்கையில் எரியுண்ட இளைஞர் ஆகிய அனைவரையும் ஒரே வரலாற்றில் எழுதுதல் அது. அவ்வரலாறு எழுதப்படாதவரை, இந்தியா வந்து பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு எம் விடுதிகளில் ஓயப்போவதில்லை. அப்படிப் பேசுவோரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அது வந்தபோது நீர் யாரை இழந்தீர்?